மரம் செதுக்கியவர் மேயரானார்: கைத்தொழிலாளர்கள் ஏறிய ஏணி

2011இல் ஆறு மாத ஆன்சைட் வேலையாக மில்வாக்கிக்குப் போயிருந்தேன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். நான் தங்கியது ஊருக்கு வெளியே ஒரு சின்ன புறநகரில், ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில். ஒருநாள் நல்ல மழை. தரையில் இருந்த வடிகால் துளை வழியாகத் தண்ணீர் மேலே பொங்க ஆரம்பித்துவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். ஒரு மணி நேரத்தில் பிளம்பர் வந்தார். அறுபது வயது இருக்கும்.

நீளமான கம்பிச்சுருள் மெஷினைக் குழாய்க்குள் விட்டுச் சுத்தம் செய்துகொண்டே பாடம் எடுத்தார். மழைத்தண்ணீர் பழைய குழாயின் விரிசல்கள் வழியாகச் சாக்கடைக்குள் போகிறது, குழாய் அதைத் தாங்காமல் வீட்டுக்குள் எதிர்க்கிறது, இந்தத் தெரு முழுக்க இதே கதைதான் என்றார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். "ஆறரைக்கு வில்லேஜ் போர்டு மீட்டிங். இந்தக் குழாயைப் பத்திதான் பேசப்போறோம்." புகார் கொடுக்கப் போகிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "இல்ல, நான் போர்டு மெம்பர்."

எனக்கு அது ரொம்ப நாள் மனசில் நின்றது. என் அப்பா ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷம் பிட்டர். பி.இ. முடித்த எனக்குப் புரியாத டிராயிங்கை அவர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டே படிப்பார். எங்கள் தெருவில் தண்ணீர்க் குழாய் ஏன் தவறான சரிவில் போடப்பட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதைக் கவுன்சிலரிடம் சொல்லத்தான் முடிந்தது. அவரே ஏன் கவுன்சிலராக நிற்கவில்லை என்ற கேள்வி அவருக்கும் வந்ததில்லை, எனக்கும் வந்ததில்லை.

அந்த பிளம்பருக்கு மட்டும் எப்படி வந்தது? இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததில் சேர்ந்த குறிப்புகள்தான் இந்தக் கட்டுரை. எல்லாமே அமெரிக்கக் கதைகள். ஏனென்றால் கைத்தொழில் தெரிந்தவர்கள் நகர மன்றத்துக்கும் மாநிலச் சட்டசபைக்கும் போன வரலாறு அங்கே நன்றாகப் பதிவாகியிருக்கிறது.

ஏன் நகர மன்றம்?

முதலில் ஒரு அடிப்படை விஷயம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு தச்சருக்கோ மெஷினிஸ்டுக்கோ வாஷிங்டன் என்பது ரொம்ப தூரம். அவருடைய சோற்றைத் தீர்மானிக்கும் விஷயங்கள் ஊருக்குள்ளேயே இருந்தன. வேலைநிறுத்தம் நடந்தால் போலீஸ் யார் பக்கம் நிற்கும் என்பது மேயர் கையில். கட்டட விதிகள், பிளம்பர் லைசென்ஸ், பரிசோதகர் நியமனம் எல்லாம் நகர மன்றத்தின் கையில். ரோடு, பாலம், பள்ளிக்கூடக் கட்டடம் யாருக்கு கான்ட்ராக்ட் போகிறது என்பதும் அங்கேதான். சொந்த வீட்டுக்கு எவ்வளவு வரி என்பதும் அங்கேதான்.

மாநிலச் சட்டசபைக்கு இன்னொரு முக்கியத்துவம் உண்டு. வேலை நேரம், குழந்தைத் தொழில், விபத்து இழப்பீடு போன்றவை மாநிலச் சட்டங்கள். அதோடு, அமெரிக்க நகரங்களுக்குத் தன்னிச்சையான அதிகாரம் குறைவு. மாநிலம் கொடுத்த அதிகாரம் மட்டுமே நகரத்துக்கு உண்டு என்பதுதான் அன்றைய சட்ட மரபு. ஆகவே நகரத்தைப் பிடித்தவர்களுக்கு மாநிலத்திலும் ஆள் வேண்டியிருந்தது.

இந்த நாலு விஷயங்களையும் மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் கதைகள் எளிதாகப் புரியும். போலீஸில் இருந்து ஆரம்பிப்போம்.

ஸ்கிராண்டன்: மெஷினிஸ்ட் மேயர்

டெரன்ஸ் பவுடர்லி 1849இல் பென்சில்வேனியாவின் கார்பண்டேல் என்ற சுரங்க ஊரில் பிறந்தவர். 13 வயதில் ரயில்வேயில் வேலை. 17 வயதில் மெஷினிஸ்டிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். தொழில் கைக்கு வந்து, சங்கத்திலும் பொறுப்புக்கு வந்தார். 1873இல் பெரும் பொருளாதார வீழ்ச்சி. வேலை போனது. சங்கத் தலைவர் என்பதால் வேறு இடத்திலும் வேலை கொடுக்க மறுத்தார்கள்.

1877இல் நாடு முழுக்க ரயில்வே வேலைநிறுத்தம். ஸ்கிராண்டன் நகரில் சுரங்கத் தொழிலாளர்களும் இறங்கினார்கள். ஆகஸ்ட் 1ஆம் தேதி, ஊர்ப் பெரிய மனிதர்கள் திரட்டிய ஆயுதம் தாங்கிய படை கூட்டத்தைப் பார்த்துச் சுட்டது. நான்கு பேர் செத்தார்கள். அடுத்த வருஷமே நடந்த மேயர் தேர்தலில் 29 வயது மெஷினிஸ்ட் பவுடர்லி ஜெயித்தார். 1884 வரை மூன்று முறை மேயர். இதில் பெரும்பாலான காலம், 'நைட்ஸ் ஆஃப் லேபர்' என்ற அன்றைய மிகப்பெரிய தொழிலாளர் அமைப்பின் தலைவரும் அவரேதான். 1886இல் அதன் உறுப்பினர் எண்ணிக்கை ஏழு லட்சத்தைத் தொட்டது.

அடுத்த கதை மேற்குக் கரையில், சான் பிரான்சிஸ்கோவில். ஊர் வேறு, காரணம் அதே. 1901இல் துறைமுகத்திலும் வண்டியோட்டிகளிடையிலும் பெரிய வேலைநிறுத்தம். சங்கத்தில் சேராத வண்டியோட்டிகளுக்குப் பக்கத்தில் போலீஸ்காரர்களை உட்கார வைத்து வண்டியை ஓட வைத்தார் மேயர் ஃபீலன். கொதித்துப்போன சங்கக்காரர்கள் 'யூனியன் லேபர்' என்று ஒரு கட்சியைத் தொடங்கினார்கள். நவம்பர் தேர்தலில் ஜெயித்தும் விட்டார்கள். மேயராக வந்தவர் யூஜீன் ஷ்மிட்ஸ். தொழில்: தியேட்டர் ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிப்பது. இசைக்கலைஞர் சங்கத் தலைவர்.

இங்கே ஒரு கசப்பான பாடம் இருக்கிறது. 1905இல் நகர மன்றத்தின் 18 இடங்களையும் இந்தக் கட்சி பிடித்தது. உள்ளே போனவர்களில் பலர் சாதாரணத் தொழில் செய்தவர்கள். இரண்டே வருஷத்தில் டிராம் கம்பெனி, கேஸ் கம்பெனி, டெலிபோன் கம்பெனி எல்லாரிடமும் காசு வாங்கியதை மன்ற உறுப்பினர்களே ஒப்புக்கொண்டார்கள். பின்னால் இருந்து இயக்கிய வக்கீல் ஏப் ரூஃப் சிறைக்குப் போனார். கையில் காய்ப்பு இருந்தால் கை சுத்தமாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை.

தச்சர் மெக்கார்த்தி

அந்த ஊழல் நாற்றம் அடங்குவதற்குள் அதே கட்சியில் இருந்து இன்னொருவர் மேயரானார். பி.எச். மெக்கார்த்தி. அயர்லாந்தில் பிறந்து 1880இல் அமெரிக்கா வந்த தச்சர். கட்டடத் தொழில் சங்கங்களின் கவுன்சிலுக்கு 1898 முதல் 1922 வரை தலைவர். 1910 ஜனவரியில் இருந்து இரண்டு வருஷம் மேயர்.

அவருடைய மேயர் காலத்தைவிட அதற்கு முன்னால் நடந்த ஒரு விஷயம்தான் எனக்கு சுவாரசியம். 1900இல் மரம் இழைக்கும் மில்களில் எட்டு மணி நேர வேலை வேண்டும் என்று கவுன்சில் கேட்டது. முதலாளிகள் மில்லைப் பூட்டிவிட்டார்கள். பதிலுக்குக் கவுன்சில் என்ன செய்தது தெரியுமா? சொந்தமாக ஒரு மில்லையே திறந்தது! கதவு நிலை, ஜன்னல், பலகை எல்லாம் அங்கே தயாரித்துக் கட்டட வேலையை ஓட்டினார்கள். சில மாதங்களில் முதலாளிகள் இறங்கி வந்தார்கள். எட்டு மணி நேரம் கிடைத்தது. அதற்குப் பதிலாக, எட்டு மணி நேர விதியைக் கடைப்பிடிக்காத வெளியூர் மில் மரத்தைத் தச்சர்கள் தொடமாட்டார்கள் என்று ஒப்பந்தம். முதலாளிக்கு போட்டி ஒழிந்தது, தொழிலாளிக்கு நேரம் குறைந்தது. கணக்குத் தெரிந்தவர்கள்.

ஆனால் இதே மெக்கார்த்தியின் வட்டாரத்தில் இருந்துதான் 1905இல் ஜப்பானியர், கொரியர்களை நாட்டுக்குள் விடக்கூடாது என்று ஒரு சங்கம் பிறந்தது. அதன் தலைவர், மெக்கார்த்தியின் கவுன்சில் செயலாளராக இருந்த ஓலாஃப் ட்வைட்மோ. 1907இல் பெயரை 'ஆசியர் விலக்குச் சங்கம்' என்று மாற்றிக்கொண்டார்கள். ஏனென்றால் பட்டியலில் இப்போது இந்தியர்களும் சேர்ந்துவிட்டார்கள். அதே வருஷம் செப்டம்பரில் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாம் ஊரில், மர மில்களில் வேலை செய்த இந்தியர்கள் சுமார் 200 பேரை ஒரு கும்பல் அடித்துத் துரத்தியது. பெரும்பாலும் பஞ்சாபிகள். ஸ்கிராண்டன் மேயராக இருந்த பவுடர்லியும் சளைத்தவர் இல்லை. பிற்காலத்தில் மத்திய அரசின் குடியேற்றத் துறைத் தலைவராகி, சீனர்களை விலக்கும் சட்டத்தைக் கறாராக அமல்படுத்தினார்.

விசா ஸ்டாம்பிங்குக்கு வரிசையில் நின்ற எனக்கு இதைப் படிக்கும்போது ஒரு மாதிரி இருந்தது. தொழில் லைசென்ஸ், சங்க அட்டை, பயிற்சி எல்லாம் தொழிலின் தரத்தைக் காக்கிற வேலி. அதே வேலிதான் நிறத்தைப் பார்த்து ஆளை வெளியே நிறுத்தவும் பயன்பட்டது. இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் முதல் பாதியோடு நிறுத்திவிடுவது வழக்கம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

மில்வாக்கி: சாக்கடைக்காரர்கள்

மெக்கார்த்தி மேயரான அதே 1910, ஏப்ரலில் மில்வாக்கிக்கும் ஒரு புது மேயர் வந்தார். எமில் சைடெல். சோஷலிஸ்ட் கட்சி. அமெரிக்காவின் பெருநகரம் ஒன்றுக்கு சோஷலிஸ்ட் மேயர் வந்தது அதுவே முதல் தடவை.

சைடெலின் தொழில் மரச் செதுக்கு வேலை. 1880களில் பெர்லினுக்குப் போய் ஆறு வருஷம் அந்தத் தொழிலை நுணுக்கமாகக் கற்றார். அரசியலையும் அங்கேதான் கற்றார். திரும்பி வந்து பேட்டர்ன் மேக்கராக வேலை பார்த்தார். கோயம்புத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி ஊற்றுவதற்கு முன், மணலில் அச்சு எடுக்க மரத்தில் ஒரு மாதிரி செய்ய வேண்டும். இரும்பு ஆறும்போது சுருங்கும், அந்தச் சுருக்கத்தையும் கணக்கில் சேர்த்து மாதிரியைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். இன்னும் இல்லாத ஒரு பொருளை மனதில் பார்த்து, அது எங்கே சுருங்கும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடும் வேலை. மேயர் வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

நேராக மேயர் நாற்காலியில் போய் உட்காரவில்லை. 1904இல் நகர மன்றத்துக்கு ஒன்பது சோஷலிஸ்டுகள் ஜெயித்தார்கள், அதில் அவரும் ஒருவர். உள்ளே இருந்து வேலையைக் கற்றார். மேயரானதும் பொதுப்பணித் துறை ஒன்றை உருவாக்கினார். பூங்காக்களுக்கு ஒரு ஒழுங்கு வந்தது. விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஜான் காமன்ஸைக் கூப்பிட்டு நகரத்தின் செலவுகளை ஆராய ஒரு தனிப் பிரிவு வைத்தார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் அந்தத் தொழிலாளிக்கு வெட்கம் இல்லை. பின்னாளில் பெரிய கவிஞரான கார்ல் சான்ட்பர்க் அப்போது அவருடைய செயலாளர்.

அதே நேரத்தில் மாநிலத் தலைநகர் மாடிசனில் இன்னொரு வேலை நடந்தது. 1911 சட்டசபையில் சோஷலிஸ்டுகள் 14 பேர். அவர்களில் ஃபிராங்க் வெபர் என்பவர் ஏரிக் கப்பல்களில் மாலுமியாக இருந்தவர், மாநிலத் தொழிலாளர் கூட்டமைப்பை வளர்த்தவர். அந்த வருஷம் விஸ்கான்சினில் விபத்து இழப்பீட்டுச் சட்டம் வந்தது. அதன் அருமை தெரிய வேண்டுமானால் அதற்கு முன் இருந்த நிலைமை தெரிய வேண்டும். மெஷினில் கை போனால் தொழிலாளி கோர்ட்டுக்குப் போகலாம். ஆனால் முதலாளிக்கு மூன்று கேடயங்கள். ஆபத்து தெரிந்துதானே வேலைக்கு வந்தாய் என்பது ஒன்று. உன் கவனக்குறைவும் சேர்ந்திருக்கிறது என்பது இரண்டு. சக தொழிலாளி செய்த தப்புக்கு நான் பொறுப்பில்லை என்பது மூன்று. இந்த மூன்றையும் தாண்டிக் காசு பார்த்தவர் அபூர்வம். புதுச் சட்டத்தில் யார் தப்பு என்ற கேள்வியே இல்லை. வேலையில் அடிபட்டால் இழப்பீடு. மற்ற மாநிலங்களில் கோர்ட்டில் அடிவாங்கிய இந்த வகைச் சட்டம் விஸ்கான்சினில் நிலைத்து நின்றது. கை போனவனைப் பக்கத்து மெஷினில் நின்று பார்த்தவர்கள் சட்டசபையில் இருந்தது இதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

சைடெல் இரண்டே வருஷத்தில் தோற்றார். வேடிக்கை என்னவென்றால் 1910இல் ஜெயித்தபோது அவருக்கு சுமார் 27,600 ஓட்டு. 1912இல் தோற்றபோது சுமார் 30,000. ஜனநாயகக் கட்சியும் குடியரசுக் கட்சியும் சேர்ந்து ஒரே வேட்பாளரை நிறுத்திவிட்டன. ஆனால் அவர் போட்ட அஸ்திவாரம் போகவில்லை. அவர் கட்சியின் டேனியல் ஹோன் 1916 முதல் 1940 வரை மேயர். வக்கீலாவதற்கு முன் சமையல்காரராக இருந்தவர். 1948 முதல் 1960 வரை மேயராக இருந்த ஃபிராங்க் ஸைட்லர் நில அளவையாளர்.

இவர்கள் சதா சாக்கடை, குழாய், தண்ணீர் என்றே பேசிக்கொண்டிருந்ததால் நியூயார்க் சோஷலிஸ்டுகள் 'சாக்கடை சோஷலிஸ்டுகள்' என்று கிண்டல் செய்தார்கள். மில்வாக்கிக்காரர்கள் அதையே பட்டமாக எடுத்துக்கொண்டார்கள். ஊர்க் கழிவு நேராக ஆற்றுக்கும் ஏரிக்கும் போன காலம் அது. குடிதண்ணீரும் அதே ஏரியில் இருந்துதான். டைஃபாய்டு யார் வீட்டுக்கு முதலில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. 1925இல் ஜோன்ஸ் ஐலண்ட் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இயங்க ஆரம்பித்தது. கழிவில் இருக்கும் நுண்ணுயிரிகளையே காற்றூதி வளர்த்து அழுக்கைத் தின்ன வைக்கும் முறை. இங்கிலாந்தில் அந்த முறையைக் கண்டுபிடித்துப் பத்து வருஷம்தான் ஆகியிருந்தது. மிஞ்சிய சேற்றைக் காயவைத்து 1926 முதல் 'மிலோர்கனைட்' என்ற பெயரில் உரமாக விற்றார்கள். இன்றும் விற்கிறார்கள். நானே அங்கே ஒரு கடையில் அந்த மூட்டையைப் பார்த்திருக்கிறேன், கதை தெரியாமல்.

வரி, எஸ்டிமேட், கூரை

இப்போது கிழக்கே, பென்சில்வேனியாவின் ரெடிங் நகரம். ஜேம்ஸ் மாரர் என்பவரின் ஊர். தொப்பிப் பட்டறை, மெஷின் ஷாப் எல்லாம் பார்த்துவிட்டு நீராவிக் குழாய் பொருத்தும் பிட்டரானவர். 16 வயதில் அவருக்குச் சரியாக எழுதப் படிக்கத் தெரியாது. கூட வேலை செய்த ஒரு மூத்த மெஷினிஸ்ட்தான் சொல்லிக்கொடுத்து, நைட்ஸ் ஆஃப் லேபரிலும் சேர்த்துவிட்டார். அந்தப் பையன் பின்னால் மூன்று முறை மாநிலச் சட்டசபை உறுப்பினர், 16 வருஷம் மாநிலத் தொழிலாளர் கூட்டமைப்பின் தலைவர். பென்சில்வேனியாவின் 1915 விபத்து இழப்பீட்டுச் சட்டத்துக்கும் குழந்தைத் தொழில் சட்டத்துக்கும் போராடியவர்களில் முக்கியமானவர்.

1927இல் ரெடிங் நகர நிர்வாகம் சொத்து மதிப்பை மறுபடி கணக்கிட்டது. சாதாரண வீடுகளுக்கு வரி ஏறியது, பெரிய வியாபாரக் கட்டடங்கள் தப்பித்தன. சொந்தமாகச் சின்ன வீடு வைத்திருந்த தொழிலாளர்கள் நிறைந்த ஊர் அது. மாரரும் தோழர்களும் கணக்கை எடுத்துத் தெருத்தெருவாகக் காட்டினார்கள். அந்த வருஷத் தேர்தலில் மேயரானவர் ஹென்றி ஸ்டம்ப், சுருட்டு சுற்றும் தொழிலாளி. மாரர் நகர மன்றத்துக்குப் போனார்.

சுருட்டுத் தொழிலாளிக்கு அரசியல் எங்கிருந்து வந்தது என்று கேட்கலாம். அந்தக் காலச் சுருட்டுப் பட்டறைகளில் மெஷின் சத்தம் கிடையாது. ஒருவர் உரக்கப் பேப்பரோ புத்தகமோ படிப்பார், மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்கு நஷ்டம் வராமல் ஆளுக்குச் சில சுருட்டுகளைப் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். பட்டறையே கல்லூரி.

கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட்டில் ஜாஸ்பர் மெக்லெவி. கூரை போடும் தொழிலாளி, அப்பாவுக்கும் அதே தொழில். கூரைத் தொழிலாளர் சங்கத்தில் தேசிய அளவுக்கு உயர்ந்தவர். தேர்தலில் நிற்பதும் தோற்பதும் அவருக்குப் பல வருஷப் பழக்கம். 1920களின் கடைசியில் ஊரில் கட்டிய ஒரு பாலத்தின் செலவு எகிறிப் பெரிய ஊழல் வெடித்தது. கூடவே 1929 வீழ்ச்சி, வேலையின்மை. ஒரு வேலைக்கு உண்மையில் எவ்வளவு ஆகும் என்று தெரிந்த ஆள் வேண்டும் என்று ஊருக்குத் தோன்றியது. 1933இல் மேயரானவர் 1957 வரை இறங்கவில்லை, 24 வருஷம்! 1934இல் அவர் கட்சிக்காரர்கள் ஐந்து பேர் மாநிலச் சட்டசபைக்கும் போனார்கள். அடுத்த வருஷமே நகர வேலைகளுக்குச் சிபாரிசு இல்லாமல் தகுதி பார்த்து ஆள் எடுக்கும் சட்டத்தை வாங்கி வந்தார்கள். மனுஷன் மகா சிக்கனம். பனியை அள்ளக்கூடக் காசு செலவழிக்க மாட்டார், கடவுள் கொட்டியதைக் கடவுளே எடுத்துக்கொள்ளட்டும் என்பார் என்று ஊரில் அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. சோஷலிஸ்ட் மேயரிடம் வரி குறைவு என்று பணக்காரர்களும் ஓட்டுப் போட்டார்கள். எஸ்டிமேட் போடத் தெரிந்தவரின் பலமும் பலவீனமும் ஒன்றுதான்: செலவுதான் முதலில் கண்ணில் படும்.

ஏணி எங்கே இருந்தது?

இத்தனை கதைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று பொதுவாக இருக்கிறது. எல்லாருமே சங்கம் வழியாக வந்தவர்கள். தொழில் திறமை அவர்களுக்கு மரியாதையைக் கொடுத்தது. ஆனால் மேடையில் பேச, தீர்மானம் எழுத, கூட்டம் நடத்த, கணக்கு ஒப்படைக்க, எதிராளியோடு பேரம் பேசக் கற்றுக்கொடுத்தது சங்கக் கூடம்தான். வாராவாரம் கூட்டம், வருஷாவருஷம் தேர்தல். நகர மன்றத்துக்குப் போகும்போது அவர்கள் ஏற்கெனவே பத்து வருஷ அனுபவசாலிகள். போஸ்டர் ஒட்ட ஆள், வீடுவீடாகப் போக ஆள், கொஞ்சம் காசு எல்லாம் கூடவே வந்தது.

அந்த ஏணி இன்று எப்படி இருக்கிறது? 1950களில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சங்கத்தில் இருந்தார். இன்று தனியார் துறையில் அது 6 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. டியூக் பல்கலைக்கழகத்தின் நிக்கலஸ் கார்ன்ஸ் என்ற அரசியல் ஆய்வாளரும் எரிக் ஹான்சனும் எடுத்த கணக்குப்படி, 2024இல் 50 மாநிலச் சட்டசபைகளில் இருந்த சுமார் 7,400 பேரில், உடலுழைப்பு, சேவைத் துறை போன்ற தொழிலாளி வேலைகளில் இருந்து வந்தவர்கள் 116 பேர். அதாவது 1.6 சதவீதம். நாட்டில் பாதிப் பேர் அப்படிப்பட்ட வேலைகளில் இருக்கிறார்கள்.

சம்பளம் குறைவு என்பதால்தான் வரமுடியவில்லை என்று நானும் நினைத்தேன். நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் சட்டசபை உறுப்பினருக்கு வருஷத்துக்கு 100 டாலர்தான். பிளம்பர் எப்படிப் போவார்? ஆனால் அந்த இருவரும் மாநிலங்களை ஒப்பிட்டுப் பார்த்து எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்கள். சம்பளம் அதிகமான சட்டசபைகளில் தொழிலாளர்கள் கூடவில்லை. நல்ல சம்பளம் என்றதும் வசதியானவர்களுக்கும் ஆசை வந்துவிடுகிறது. மக்கள் ஓட்டுப் போட மாட்டார்கள் என்பதும் உண்மையில்லை, நின்றால் மற்றவர்களைப் போலத்தான் ஓட்டு விழுகிறது. 2018இல் வந்த கார்ன்ஸின் 'தி கேஷ் சீலிங்' புத்தகம் சொல்லும் பதில் எளிமையானது. தேர்தலில் நிற்க நேரமும் காசும் வேண்டும், தொழிலாளியிடம் இரண்டும் குறைவு. கட்சிக்காரர்களும் வேட்பாளர் தேடும்போது அவர்கள் கண்ணில் தங்களைப் போன்றவர்களே படுகிறார்கள். தொழிலாளியை நிற்கச் சொல்லி யாரும் கேட்பதே இல்லை.

கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு நியூ ஜெர்சி ஒரு உதாரணம். அங்கே மாநிலத் தொழிலாளர் கூட்டமைப்பு 1997 முதல் தன் உறுப்பினர்களையே வேட்பாளராகப் பழக்குகிறது. பள்ளிக்கூட வாரியம், டவுன் கவுன்சில் என்று சின்னப் படியில் இருந்து ஏற்றி விடுகிறது. அந்த மாநிலத்தில் ஸ்டீவ் ஸ்வீனி என்பவர் கட்டடங்களுக்கு இரும்புச் சட்டம் மாட்டும் தொழிலாளி. கவுண்டி வாரியத்தில் தொடங்கி, மாநில செனட்டில் 2010 முதல் 12 வருஷம் தலைவராக இருந்தார். அவருடைய மகள் டவுன் சிண்ட்ரோமோடு, குறை மாதத்தில் பிறந்தவர். நோயுற்ற குடும்பத்தாரைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்தோடு விடுப்பு தரும் 2008 சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். ஆனால் 2011இல் அரசு ஊழியர்கள் பென்ஷனுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்ற சட்டத்துக்கும் அவரே துணை நின்றார். ஆசிரியர் சங்கங்களுக்கு அது தீராத கோபம். சங்கத்தில் இருந்து வந்தவர் எல்லாச் சங்கத்துக்கும் பிரதிநிதி ஆகிவிட மாட்டார். 2021இல் அவரைத் தோற்கடித்தவர் யார் என்கிறீர்கள்? மிகச் சொற்பச் செலவில் நின்ற எட்வர்ட் டர் என்ற லாரி டிரைவர். எதிர்க்கட்சி.

கடைசியாக

இந்தக் கதைகளைப் படித்து, தொழிலாளி என்றால் நல்லவர் என்ற முடிவுக்கு நான் வரவில்லை. சான் பிரான்சிஸ்கோ ஒன்றே போதும் அந்த மயக்கத்தைத் தெளிவிக்க. எனக்குப் பட்டது வேறு. ஒரு மன்றத்தில் எல்லாரும் வக்கீலாகவும் வியாபாரியாகவும் இருந்தால் அவர்கள் பார்க்கும் பிரச்சினைகளும் அந்த வட்டத்துக்குள்ளேயே இருக்கும். கெட்ட எண்ணம் தேவையில்லை. குழாயின் சரிவு அவர்கள் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

அன்று அந்த பிளம்பர் மெஷினைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது, எப்படி போர்டுக்கு நிற்கணும்னு தோணிச்சு என்று கேட்டேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "எனக்குத் தோணல. எங்க யூனியன் ஹால்ல ஒருத்தர் வந்து, நீ நிக்கிறியான்னு கேட்டார்" என்றார். கார்ன்ஸின் புத்தகம் அப்போது வந்திருக்கவில்லை. நானும் அந்தப் பதிலைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது அப்பாவிடம் கேட்டேன். உங்களை யாராவது கவுன்சிலருக்கு நிக்கச் சொல்லிக் கேட்டிருந்தா நின்னிருப்பீங்களா? அவருக்கு இப்போது 78 வயது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "யாரு கேட்டா?"